பாய்மரத்தில் பிறந்த பேச்சு

அன்பான பெற்றோரே, பிள்ளைகளே,

‘எனக்குக் காது குத்தாதே’ என்றால் எங்கள் பிள்ளை காதைத் தடவிப் பார்ப்பதில்லை. ஏமாற்றாதே என்கிறார்கள் என்று உடனே விளங்கிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் ஏன் சொல்லுக்குச் சொல் அகராதி புரட்டித் திணறுகிறது? அந்தப் பேச்சு பிறந்த இடத்தை நாங்கள் காட்டுவதில்லை. கரும்பலகை நிறையத் தொடர்களை எழுதி, பாடமாக்கு என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இது பெரிய மனக்குறை.

திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இது சுலபமாக வர வேண்டும். ஆங்கிலேயர் 1795இல் இந்தத் துறைமுகத்தைப் பிடித்தார்கள். அவர்களுடைய கடற்படை 1957இல்தான் இங்கிருந்து போனது. அவர்களின் அன்றாடப் பேச்சில் பாதிக் கடல்வாசம் வீசும்.

‘டேக்கன் அபேக்’ என்பதை எடுங்கள். திகைத்துப்போனேன் என்று பொருள். சொற்களைப் பிரித்துப் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. பாய்க்கப்பலைப் பாருங்கள். பின்னாலிருந்து காற்றுத் தள்ள, பாய் புடைத்து, கப்பல் ஓடுகிறது. திடீரென்று காற்று முன்பக்கம் திரும்புகிறது. அல்லது சுக்கான் பிடித்தவன் கவனம் தவறுகிறான். புடைத்த பாய் பின்னோக்கி வந்து மரத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஓடிய கப்பல் அப்படியே நிற்கும். பலத்த காற்றென்றால் மரமே முறியலாம். எதிர்பாராத செய்தி கேட்டு வாயடைத்து நிற்பவரை இதைவிடப் பொருத்தமாகச் சொல்ல முடியுமா? ‘வைட் பெர்த்’ கொடு என்பதும் கடற்பேச்சுத்தான்: பாறைக்கு, மற்றக் கப்பலுக்கு, எட்டப் போ. இன்றைக்குச் சண்டைக்காரருக்கும் அதே விலகல்.

எல்லாவற்றுக்கும் கதை தேடவும் கூடாது. கொட்டும் மழையைப் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்று சொல்லும் ‘ரெய்னிங் கேட்ஸ் அன்ட் டோக்ஸ்’ எங்கே பிறந்தது என்று ஆங்கிலேயருக்கே திட்டமாகத் தெரியாது. கூரையிலிருந்து பூனையும் நாயும் விழுந்த கதை பின்னாளில் கட்டியது.

சொல்பவர் யார் என்பதும் முக்கியம். கூட்டத்தில் ஒரு விடயத்தை ‘டேபிள்’ செய்வோம் என்றால், பிரித்தானியர் இப்போதே பேசுவோம் என்கிறார். அமெரிக்கர் ஒத்திவைப்போம் என்கிறார். இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டுப் படை அதிகாரிகளும் இந்த ஒரு சொல்லால் நெடுநேரம் வாதாடினார்கள். இரு தரப்பும் கேட்டது ஒன்றையேதான் என்று பிறகுதான் தெரிந்தது. அந்நாளைய பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலே இதை எழுதிவைத்திருக்கிறார்.

நாளைக்கு உங்களுக்கு வரும் மின்னஞ்சலில் இந்தச் சொல் இருந்தால், அனுப்பியவர் எந்த நாட்டவர் என்று முதலில் பாருங்கள். அதுவும் தெரியாவிட்டால், ‘இன்றைக்கா, பிறகா?’ என்று கூச்சப்படாமல் கேட்டு எழுதுங்கள்.