2015-ல் ட்ராய்க்கு அனுப்பிய மெயில் கிடைத்துவிட்டது!

வணக்கம் மக்களே! எல்லாத் தளத்தையும் நெட்டில் ஒரே மாதிரி நடத்தவேண்டும் (நெட் நியூட்ராலிட்டி) என்று, தொலைத்தொடர்புக்கு விதி போடும் ஆணையமான ட்ராய்க்கு 2015-ல் ஒரு மெயில் போட்டிருந்தேன். அது இருக்கிற பழைய மெயில் கணக்கு திறக்கவே மாட்டேன் என்கிறது என்று போன வீடியோவில் புலம்பினேன் இல்லையா, நேற்று ராத்திரி திறந்துவிட்டது. மூன்று நாள் போராட்டம். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று கொடுத்தால் ஓடிபி பழைய நம்பருக்குப் போகிறது. அந்த சிம் இப்போது கடையநல்லூரில் அப்பாவின் பட்டன் போனில் இருக்கிறது. வீட்டுக்குள் டவர் கிடையாது. வாசல் வேப்பமரத்தடிக்கு வந்தால்தான் மெசேஜ் விழும். அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டி, மெசேஜை முதல் எழுத்திலிருந்து வாசிப்பார். எண் வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். இப்படி நான்கு தடவை! ஐந்தாவது தடவை, "அப்பா, நம்பரை மட்டும் சொல்லுங்க" என்றேன். மூச்சு விடாமல் ஆறு எண்ணையும் சொன்னார். திறந்தது! அந்தச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை.

எதற்கு இவ்வளவு பாடு என்று சொல்லவில்லையே. போன வாரம் அக்கா பையன் கேட்டான்: "மாமா, போன் கம்பெனி ஒரு ஆப்பை மட்டும் ஃப்ரீயா குடுத்தா வாங்கிக்க வேண்டியதுதானே, அதுல என்ன தப்பு?" எனக்குச் சுருக்கென்றது. இதே விஷயத்துக்குத்தான் 2015 ஏப்ரலில் ட்ராய்க்கு அந்த மெயிலைப் போட்டிருந்தேன். அதை அவனுக்குக் காட்டியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

அந்த வருடம் பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து இன்டர்நெட்.ஆர்க் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முதலில் வந்த சில மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. முப்பது சொச்சம் தளங்கள் மட்டும் இலவசம், மற்றதற்கெல்லாம் காசு. அந்தப் பட்டியலை யார் போடுவது? பையில் பத்து ரூபாய் மட்டும் இருப்பவர் பட்டியலை விட்டு வெளியே வருவாரா? சின்னதாகத் தமிழில் எழுதும் ஒருவரை யாருமே தடை செய்ய வேண்டாம், பட்டியலில் சேர்க்காமல் விட்டாலே போதும். அவர் பேசுவது யார் காதிலும் விழாது. எனக்குப் பிடிக்காதது இதுதான். மெயிலில் ஒரு வரி இப்படி எழுதியிருக்கிறேன்: "குழாய் போட்டுக் கொடுத்தவர் என் வீட்டில் என்ன சமைக்கவேண்டும் என்று சொல்லக்கூடாது." இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஒன்று விட்டுப்போனது. இதெல்லாம் 2014 டிசம்பரிலேயே ஆரம்பித்துவிட்டது. இணையவழி அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் பின்வாங்கியது. அப்புறம்தான் 2015 மார்ச் 27 அன்று, இணையச் சேவைகளுக்கு என்ன விதி வைக்கலாம் என்று மக்களிடம் கருத்துக் கேட்டு ட்ராயின் கலந்தாய்வு அறிக்கை வந்தது. நூறு பக்கத்துக்கு மேல், 20 கேள்விகள். சாதாரண ஆள் யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் பதிலாகப் போன மெயில்கள் பத்து லட்சத்துக்கு மேல்! என்னுடையது அதில் ஒன்று.

அப்பா போனை வைக்கும் முன், "அந்த லெட்டருக்குப் பதில் வந்துச்சாடா?" என்றார். வந்தது. இன்டர்நெட்.ஆர்க் அதற்குள் ஃப்ரீ பேசிக்ஸ் என்று பேர் மாற்றி, நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துப் பார்த்தது. எடுபடவில்லை. 2016 பிப்ரவரி 8 அன்று ட்ராய் உத்தரவு போட்டது: எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து டேட்டாவுக்கு வேறு வேறு விலை வைக்கக்கூடாது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் அபராதம். பெரிய கம்பெனிக்கு 50 லட்சம் ஒரு காசா என்று எனக்கு அப்போதே கோபம், இப்போதும் கோபம்தான். 2018-ல் தளங்களைத் தடுப்பதும் வேகத்தைக் குறைப்பதும் கூடாது என்ற கொள்கைக்கும் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது.

அக்கா பையன் மெயிலை முழுசாகப் படித்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டிருக்கிறான். அதிக டேட்டா இழுக்கும் பெரிய தளங்கள் தங்களுக்குப் பங்கு தரவேண்டும் என்று டெலிகாம் நிறுவனங்களின் சங்கம் சில வருடமாகக் கேட்கிறதே, அது சரியா என்று. நல்ல கேள்வி. அடுத்த வீடியோவில் அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுகிறேன். ட்ராய் தளத்தில் கலந்தாய்வு அறிக்கைக்குக் கருத்து அனுப்புவது எப்படி என்பதையும் ஸ்கிரீனில் காட்டுகிறேன்.