நார்க்கட்டிலில் காய்ந்த தக்காளி வத்தல்

வணக்கம். இன்றைக்குத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டப் போவதில்லை. நேராகத் தட்டட்டிக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, வந்துவிட்டேன். முதலில் இதைப் பாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். ஓரமெல்லாம் சுருண்டு, கருஞ்சிவப்பாக, நடுவில் விதை தெரிகிறதா? தக்காளி வத்தல். நம் வீட்டுத் தக்காளி. காலையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். முதலில் உப்பு, அப்புறம் நல்ல புளிப்பு, மெல்ல மெல்ல ஒரு இனிப்பு. அப்படியே அடுக்களையில் நின்று நாலு தின்றுவிட்டேன். ஒரு மாதமாக இதற்காகத்தான் பாடுபட்டேன்.

மார்கழியில் நட்ட 22 செடிகளையும் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பி.கே.எம். 1, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய ரகம். பழம் கொஞ்சம் தட்டையாக, காம்புப் பக்கம் பச்சையாக இருக்கும். கடையில் வருகிற அந்த நீள ஹைபிரிட் தக்காளி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தோல் ரப்பர் மாதிரி, புளிப்பும் இல்லை, மணமும் இல்லை. ஒரு வாரம் மேசையில் கிடந்தாலும் அப்படியே இருக்கும், அது ஒன்றுதான் அதன் பெருமை. நம் பழம் மூன்றாவது நாளே குழைந்துவிடும். இந்தத் தடவை அதுதான் பிரச்சினை ஆயிற்று. மாசி கடைசியில் பழுக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. ஒரே நாளில் 11 கிலோ பறித்தேன், இரண்டு கடகப்பெட்டி நிறைய. பெரியம்மை வீட்டுக்குக் கொடுத்தேன், பால்காரருக்குக் கொடுத்தேன், எதிர்வீட்டு மதினிக்கு மூன்று தடவை கொடுத்தேன். நாலாவது தடவை போனபோது, "போதும் தாயி, ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கக்கூட இடமில்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

சந்தையில் கேட்டால் கிலோ 7 ரூபாய் என்றார்கள். 7 ரூபாய்! 2023 ஜூலையில் இதே தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி விற்றது, அப்போது ரசத்துக்கு அரைப் பழம் போட்டுக்கொண்டிருந்தோம். எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. அத்தைதான் சொன்னார்கள், "மிளகாய் காயப் போடுகிறோம், சுண்டைக்காய் காயப் போடுகிறோம், இதைப் போட்டால் காயாதா?"

சரி, முதல் தடவை என்ன ஆயிற்று என்பதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதே தப்பைச் செய்யக்கூடாது. 3 கிலோ பழத்தை இரண்டிரண்டாக வெட்டி, பழைய வேட்டியை விரித்து அதன் மேல் பரப்பினேன். கூழ் வடகம் போடுவது போல. ஆனால் வடகம் வேறு, இது வேறு. தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் எல்லாம் வேட்டியில் இறங்கி, துண்டு துணியோடு ஒட்டிக்கொண்டது. அடிப்பக்கம் காற்றே படவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் மேற்கே கறுத்துக் கோடை மழை வந்துவிட்டது. வாரி எடுத்து வந்து பட்டாசாலையில் ஒரு ஏனத்தில் குவித்து வைத்தேன். காலையில் பார்த்தால் வெள்ளையாகப் பூசணம். மேலே நாலைந்தில்தான் தெரிந்தது, ஆனாலும் முழுவதையும் உரக்குழியில் கொட்டிவிட்டேன். பூசணம் பிடித்ததைக் கிள்ளிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காயவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துத் துண்டிலும் பரவியிருக்கும். அன்றைக்கு அந்த உரக்குழிப் பக்கம் மறுபடி போகவே எனக்குப் பிடிக்கவில்லை.

அப்புறம்தான் இந்தக் கட்டில். இதோ இதுதான் இன்றைய வீடியோவின் நாயகன்! ஆச்சியின் நார்க்கட்டில், பனைநாரில் பின்னியது. பத்து வருஷமாக மச்சில் கிடந்தது. ஒட்டடை அடிக்க ஏறியபோது கண்ணில் பட்டது. நார் பின்னல் முழுக்க இடைவெளி, கீழேயும் காற்று, மேலேயும் காற்று. இதைவிட நல்ல காயப்போடும் தட்டு கடையில் கிடைக்குமா? தண்ணீர் விட்டுக் கழுவி, ஒருநாள் முழுக்க வெயிலில் நிறுத்தி, அதன் மேல் நைலான் கொசுவலையை விரித்துவிட்டேன்.

அந்தக் கொசுவலையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பக்கத்துக் கடையில் மீட்டர் 110 ரூபாய் என்றார்கள். அடியில் ஒன்று, மேலே மூட ஒன்று, நாலு மீட்டர் வேண்டும், 440 ரூபாய். 7 ரூபாய்த் தக்காளிக்கு 440 ரூபாய் வலையா? குறைத்துக் கேட்டதற்கு, "அந்த விலைக்கு வேறு எங்கேயாவது கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். சரி என்று வந்துவிட்டேன். மறுநாள் அம்பாசமுத்திரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. சாப்பிட்டுவிட்டு வெற்றிலைகூடப் போடாமல் கடைத்தெருவுக்குப் போனேன். மூன்றாவது கடையில் மீட்டர் 55! அதே வலை, அதே பச்சை நிறம், கையால் இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினேன். நாலு மீட்டர் 220 ரூபாய். கடைசித் துண்டு என்று அரை மீட்டர் சும்மாவும் கொடுத்தார்கள். பட்டுச்சேலையில் வலைச் சுருளைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன், அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மேல் வலை எதற்கு என்று கேட்பீர்கள். ஈ ஒரு காரணம். பெரிய காரணம் மயில். இந்தப் பக்கம் வயலெல்லாம் மயில்தான், காலை ஆறு மணிக்குத் தட்டட்டியில் வந்து நிற்கும். முதல்நாள் ஒரு மயில் கட்டில் ஓரத்தில் ஏறி நின்று ஏழு எட்டுத் துண்டைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகு வலையைச் சுற்றிலும் துணி காயப்போடும் கிளிப் போட்டுவிட்டேன். எறும்புக்குக் கட்டில் கால் நாலுக்கும் கீழே சிரட்டையில் தண்ணீர். வெயிலில் அது வற்றிக்கொண்டே இருக்கும், மத்தியானம் ஒரு தடவை ஊற்ற வேண்டும்.

இனி வெட்டுவது. நன்றாகச் சிவந்த, கெட்டியான பழமாகப் பாருங்கள். வெடித்தது, கனிந்து ஒழுகுவது எல்லாம் அன்றைய குழம்புக்கு. கழுவி, ஈரம் போகத் துடைத்து, நாலாக வெட்டுங்கள். பெரிய பழமென்றால் ஆறாக. விதையை எடுத்துவிட்டால் சீக்கிரம் காயும் என்று சொல்வார்கள், காயும்தான். நான் எடுக்க மாட்டேன். விதையைச் சுற்றி இருக்கிற அந்தக் கொழகொழப்பில்தான் தக்காளியின் ருசியே இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு வெறும் தோலைக் காயவைத்து யாருக்கு என்ன லாபம்? ஒருநாள் கூடக் காயட்டும். தோல் கீழேயும் வெட்டிய பக்கம் மேலேயும் இருக்க அடுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்று படக்கூடாது. அலுமினியத் தட்டில் மட்டும் வைத்துவிடாதீர்கள், புளிப்பும் உப்பும் சேர்ந்து தட்டைத் தின்னும்.

அய்யோ, உப்பை விட்டுவிட்டேனே! கொஞ்சம் பின்னால் போங்கள். வெட்டியதும் உப்பு. தூத்துக்குடிக் கல்லுப்பை நுணுக்கி, கிலோவுக்குக் குவியலாக ஒரு மேசைக்கரண்டி. பிசறி ஒரு மணி நேரம் வையுங்கள், எவ்வளவு தண்ணீர் விடுகிறது என்று பாருங்கள். உப்பு தண்ணீரை வெளியே இழுத்துவிடும், பூசணமும் சீக்கிரம் பிடிக்காது. முதல் தடவை நான் உப்பே போடவில்லை, அதையும் சொல்ல மறந்துவிட்டேன். வடிந்த தண்ணீரைக் கீழே கொட்டாதீர்கள், அன்றைக்கே ரசம் வைத்துவிடலாம். அந்த ரசத்துக்கு வேறு உப்பு வேண்டாம்.

முதல்நாள் வெட்டிய பக்கம் மேலே. இரண்டாம் நாள் பத்து மணிக்கு ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும். பொறுமை வேண்டிய வேலை, நானும் அத்தையும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து திருப்பினோம். பொழுது சாய்ந்ததும் வலையோடு சேர்த்துத் தூக்கி வீட்டுக்குள் பரப்பிவிடுங்கள், பரப்ப வேண்டும், குவிக்கக்கூடாது. ராத்திரிக் குளிர்ச்சியில் அது ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும், பகலெல்லாம் காய்ந்தது வீண். எனக்குப் பங்குனி வெயிலில் நாலரை நாள் ஆயிற்று. ஆனி ஆடியில் இதைச் செய்ய முடியாது. தென்காசிப் பக்கம் சாரல் விழும். இந்தப் பக்கம் மேல்காற்று அடிக்கும், காற்று நல்லதுதான், ஆனால் ரோட்டுப் புழுதி எல்லாம் தக்காளியில்தான் வந்து உட்காரும்.

6 கிலோ போட்டேன். எவ்வளவு வந்தது தெரியுமா? 410 கிராம்! தராசில் வைத்து இரண்டு தடவை பார்த்தேன். ஒரு கடகப்பெட்டிக்கு மேலேயே இடத்தை அடைத்த பழம் இந்த ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் அடங்கிவிட்டது.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? வளைத்துப் பாருங்கள். தோல் செருப்பின் வார் மாதிரி வளையவேண்டும், அழுத்தினால் ஈரம் கசியக்கூடாது. சூடு ஆறிய பிறகுதான் கண்ணாடிப் பாட்டில். ஒரு வாரம் தினமும் குலுக்கிப் பாருங்கள். உள்பக்கம் ஆவி பூத்தது மாதிரி தெரிந்தால் மறுபடி வெயிலுக்கு. வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள், இல்லாவிட்டால் சிவப்பு வெளுத்துவிடும்.

அத்தை கேட்ட கேள்வி மனதிலேயே இருந்தது. யோசித்துப் பார்த்தேன். சுண்டைக்காய், மணத்தக்காளி, கத்தரிக்காய், மிளகாய், நம் வத்தல் பானையில் இருப்பது இவைதான். எல்லாமே தக்காளியின் குடும்பம், செடியின் பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே முகஜாடை தெரியும். மிதுக்க வத்தல் ஒன்றுதான் வெள்ளரி வகை. தக்காளி நம் ஊருக்குக் கப்பலேறி வந்த பழம், அந்தக் காலத்தில் சீமைத் தக்காளி என்றார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் பானைக்குள் இருக்க, இது மட்டும் வெளியே நிற்கிறது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

எப்படிச் சமைத்தேன் என்றால், புளிக்குழம்புக்குத்தான் முதலில் போட்டேன். பத்துத் துண்டை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து வதக்கி, ஊறிய தண்ணீரையும் ஊற்றிவிட்டேன். புளி வழக்கத்தில் பாதி போதும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், வத்தலிலேயே இருக்கிறது. அவர் இரண்டாம் சோற்றுக்கும் அதே குழம்பைக் கேட்டார், ரசம் அப்படியே இருந்தது.

ஆனால் என்னைக் கேட்டால் துவையல்தான். எள்ளை வெறும் சட்டியில் பொரியும்வரை வறுத்து, மிளகாய் வத்தல் மூன்று, பூண்டு இரண்டு பல், தக்காளி வத்தல் எட்டு. புளி வேண்டாம். அம்மியில் கொரகொரவென்று அரைத்து உளுந்தஞ்சோற்றுக்கு வைத்தேன். எள்ளுத் துவையலுக்கும் உளுந்தஞ்சோற்றுக்கும் உள்ள பொருத்தம் உங்களுக்குத் தெரியும். அதில் இந்தப் புளிப்பு சேர்ந்தால், வேறு வெஞ்சனமே வேண்டாம்.

எண்ணெயில் பொரித்துப் பழைய சோற்றுக்கும் வைக்கலாம். எண்ணெய் மிதமாகக் காய்ந்தால் போதும், போட்டதும் எடுத்துவிட வேண்டும். தக்காளியில் சர்க்கரை இருக்கிறது, ஒரு கண் மூடித் திறந்தால் கருகிக் கசந்துவிடும். பொடித்து வைப்பதென்றால் ஒரு வாரத்துக்கு மட்டும் பொடியுங்கள், காற்றுப் பட்டால் கட்டி பிடித்துவிடும்.

சொதியில் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். தேங்காய்ப்பாலும் எலுமிச்சையும் இருக்கிற இடத்தில் தக்காளிக்கு வேலை இல்லை. சொதியைச் சொதியாக விடுங்கள்.

பூண்டோடு எண்ணெயில் ஊறப்போட்டு வெளியே வைக்கலாமா என்றும் கேட்கிறீர்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். எண்ணெய்க்குள் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் வளர்கிற ஒரு கிருமி விடுகிற விஷம் உயிரையே எடுக்கும், வாடையிலோ ருசியிலோ தெரியாது. வேண்டுமென்றால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் எண்ணெயில் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டொரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

கரண்டில் காயவைக்கிற மெஷின் வாங்கச் சொல்லி நிறையப் பேர் எழுதுகிறீர்கள். சென்னையில் மாடி வெயில் கிடைக்காத வீட்டில் இருக்கிறவர்களுக்கு நல்லதுதான். திருநெல்வேலிச் சீமையில் பங்குனியில் உட்கார்ந்துகொண்டு நான் வெயிலுக்குக் காசு கொடுக்க மாட்டேன்.

இன்னும் இரண்டு கட்டில் பழம் செடியில் இருக்கிறது. சித்திரை பிறந்தால் வெயில் இன்னும் ஏறும், மூன்று நாளிலேயே காய்கிறதா என்று பார்க்க வேண்டும். பாருங்கள், மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது. அத்தை கீழேயிருந்து கூப்பிடுகிறார்கள். வலையை ஒரு முனையில் அவர்கள் பிடித்தால்தான் தூக்க முடியும். கேமராவை அணைக்கிறேன்.