கணக்கில் ரேண்டம் எண்ணுக்கு என்ன வேலை?

(திரையில்: கருப்புப் பின்னணி. ஒரு கணக்கு, வரி வரியாகத் தோன்றுகிறது.)

வணக்கம். திரையில் வரும் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு நாளில் நடந்த மொத்த வர்த்தகத் தொகையை எடுத்துக்கொள். 7,500-ஐ ஒட்டிய ஒரு ரேண்டம் எண்ணால், அதாவது கணினி தற்செயலாகப் பொறுக்கும் ஒரு எண்ணால், பெருக்கு. நூறு கோடியால் வகு. வந்த விடையை நேற்று காட்டிய தொகையோடு சேர்.

எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளம், தன் 'காப்பு நிதி' இவ்வளவு என்று இணையதளத்தில் காட்டிய எண் இப்படித்தான் பிறந்தது. ஏதாவது நஷ்டம் வந்தால் தாங்கிக்கொள்ள இவ்வளவு பணம் இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் நம்பினார்கள். உண்மையில் இருந்த நிதிக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. 2023 அக்டோபரில் நியூயார்க் நீதிமன்றத்தில் இதைச் சாட்சியமாகச் சொன்னவர் கேரி வாங். நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் தொழில்நுட்பத் தலைவர்.

திட்டம் யாருடையதாகவும் இருக்கட்டும். அந்தப் பெருக்கலையும் வகுத்தலையும் ஒரு புரோகிராமர் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறார். அவருக்கு இதில் எவ்வளவு பொறுப்பு?

(திரையில்: ஒரு வாடிக்கையாளர் கணக்கு. மீதி பூஜ்யம். பக்கத்தில் இன்னொரு கணக்கு. மீதி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது.)

எஃப்டிஎக்ஸிலேயே இன்னும் ஆழமாக ஒன்று இருந்தது. 'அலவ் நெகட்டிவ்' என்று ஒரு அமைப்பு. அது இயங்கும் கணக்கில் மீதி பூஜ்யத்துக்குக் கீழே போகலாம், தளம் தடுக்காது. நிறுவனர் சாம் பேங்க்மன் ஃபிரைடின் இன்னொரு நிறுவனமான, கிரிப்டோ வர்த்தகம் செய்யும் அலமேடாவுக்கு 2019 ஜூலையில் அதை இயக்கினார்கள். அலமேடாவின் கணக்கும் மற்ற எல்லோருடைய கணக்கு மாதிரியேதான் என்று அதே நாளில் அவர் ட்விட்டரில் எழுதினார். பின்னாளில் அலமேடாவுக்கு இருந்த கடன் வரம்பு 6,500 கோடி டாலர். வாடிக்கையாளர் பணத்தில் கடைசியில் விழுந்த ஓட்டை சுமார் 800 கோடி டாலர்.

இதில் என்னை உறுத்துவது நடுவில் நடந்த ஒரு விஷயம். ஒரு கட்டத்தில் வாங் டேட்டாபேஸைத் திறந்து பார்க்கிறார். அலமேடா எடுத்திருக்கும் தொகை எஃப்டிஎக்ஸின் வருமானத்தையே தாண்டி நிற்கிறது. அப்படியானால் அது வேறு யாருடைய பணமோ. போய்க் கேட்கிறார். ஒரு சமாதானம் கிடைக்கிறது. திரும்பி வந்து வேலையைத் தொடர்கிறார்.

புரோகிராமரின் பொறுப்பு தொடங்கும் இடம் அதுதான் என்பேன். முதல் நாள் அந்த அமைப்பைக் கொண்டுவந்தபோது அவருக்கு ஒரு நியாயமான காரணம் சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால் எண்ணைக் கண்ணால் பார்த்த பிறகு, அந்தக் காரணம் செல்லாது என்று புரிந்துகொள்ளும் அறிவு அவருக்கு நிச்சயமாக இருந்தது. மேலாளர்கள் கூட்டத்தில் கேள்விப்படுவார்கள், தணிக்கையாளர்கள் கொடுத்த தாளைப் பார்ப்பார்கள். டேட்டாபேஸை நேராகப் பார்ப்பவர் புரோகிராமர் மட்டும்தான்.

(திரையில்: பழைய ஐபிஎம் கணினி. மேலே 'ஹவுஸ் 17'.)

இனி கொஞ்சம் பின்னால் போவோம். மற்றவர்களின் பணத்தைப் பங்குகளில் முதலீடு செய்வதாகச் சொல்லி ஏமாற்றிய பெர்னி மேடாஃபை 2008 டிசம்பரில் கைது செய்தபோது, வாடிக்கையாளர்களுக்குப் போன அறிக்கைகளின்படி அவர்களிடம் கிட்டத்தட்ட 6,500 கோடி டாலர் இருக்க வேண்டும். அறிக்கைகளில் இருந்த பங்குகள் வாங்கப்படவே இல்லை. ஆனாலும் மாதாமாதம் ஆயிரக்கணக்கானவர்களுக்கு, தேதியும் விலையும் எண்ணிக்கையும் பிசகாமல், அறிக்கைகள் போய்க்கொண்டிருந்தன. கையால் எழுதி மாளாத வேலை. அதற்கென்றே நியூயார்க் அலுவலகத்தில் 'ஹவுஸ் 17' என்று ஒரு தனிக் கணினி. அதற்கு நிரல் எழுதியவர்கள் ஜெரோம் ஓ'ஹாரா, ஜார்ஜ் பெரெஸ்.

தணிக்கையாளர்கள் வந்தால் அவர்களுக்கென்று தனி நிரல்கள் ஓடும். நடக்காத வர்த்தகம் நடந்தது போலத் தெரிய வேண்டுமே! எண்ணிக்கையும் நேரமும் இயல்பாகச் சிதறியிருக்க ரேண்டம் எண்கள். இங்கேயும் அதே ரேண்டம்! ஒரு தடவை புதிதாக அச்சிட்ட பேரேடு சூடு ஆறாமல் இருந்ததாம். ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து, பழசாகத் தெரிய ஆளுக்கு ஆள் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். மேடாஃபின் வலதுகையாக இருந்த ஃபிராங்க் டிபாஸ்காலி நீதிமன்றத்தில் சொன்னது இது.

2006-ல் அந்த இரண்டு புரோகிராமர்களுக்கும் பயம் வந்துவிட்டது. தங்கள் சொந்தக் கணக்குகளில் இருந்த பணத்தை எடுத்துக்கொண்டார்கள். இனிமேல் பொய்க் கணக்கு தயாரிக்க மாட்டோம் என்று மேடாஃபிடமே சொன்னார்கள். ஓ'ஹாராவின் மேசையில் பின்னால் கிடைத்த ஒரு குறிப்பில், இனி நான் பொய் சொல்ல மாட்டேன், அடுத்த முறை ஃபிராங்கைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவேன் என்று எழுதியிருந்தது.

அப்புறம் என்ன நடந்தது? 25 சதவீதம் சம்பள உயர்வு, கூடவே சுமார் 60,000 டாலர் போனஸ் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சிறப்பு நிரல்களில் பெரும்பாலானவற்றை அழிக்கவும் பார்த்தார்கள். ஆனால் மாதாந்திர பேக்கப் டேப்புகளில் எல்லாம் அப்படியே இருந்தன. 2014-ல் நடுவர் குழு இருவரையும் குற்றவாளிகள் என்றது. தலா இரண்டரை ஆண்டு சிறை.

"சொன்னதைச் செய்தோம், எங்களுக்கு எதுவும் தெரியாது" என்ற வாதம் ஏன் எடுபடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. தெரியாதவர் எதற்காகத் தன் பணத்தை எடுப்பார்? எதற்காக நிரலை அழிப்பார்? 2006-ல் இருவரும் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பி உள்ளே போய்விட்டார்கள். அப்போதே வெளியில் சொல்லியிருந்தால், அடுத்த இரண்டரை ஆண்டுகளில் உள்ளே போட்டவர்களின் சேமிப்பாவது தப்பியிருக்கும். அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

(திரையில்: 1973. லாஸ் ஏஞ்சலஸ்.)

இதெல்லாம் புதுக்காலத்து நோயும் இல்லை. 1973-ல் அமெரிக்காவில் ஈக்விட்டி ஃபண்டிங் என்ற காப்பீட்டு நிறுவனம் கவிழ்ந்தது. அதன் பதிவுகளில் இருந்த சுமார் 97,000 பாலிசிகளில் 64,000 பொய்யானவை. பொய்ப் பாலிசிக்குப் பிரீமியம் கேட்டுக் கடிதம் போனால் குட்டு உடைந்துவிடும். அதனால் அவற்றுக்கு 99 என்று ஒரு குறியீடு. 99 என்றால் பில் போகாது.

99, ரேண்டம், அலவ் நெகட்டிவ். மூன்றிலும் இருப்பது ஒரே அடையாளம்: நேர்மையாக நடக்கும் தொழிலில் அந்த வரிக்குக் காரணமே சொல்ல முடியாது. விளையாட்டு மென்பொருளில் ரேண்டம் எண் வேண்டும், கடவுச்சொல் உருவாக்க வேண்டும், டெஸ்டுக்கு மாதிரித் தரவு தயாரிக்கவும் வேண்டும். மக்களுக்குக் காட்டும் கணக்கு மீதிக்குள் அது எதற்கு?

சரி, எல்லாமே இவ்வளவு பளிச்சென்று இருக்காது. அறிக்கையை அழகாக அச்சிடும் பகுதியை மட்டும் எழுதியவருக்கு, உள்ளே வரும் எண் பொய் என்று எப்படித் தெரியும்? தெரிய வழியில்லாதவரைக் குற்றவாளி என்பது அநியாயம். ஆனால் சந்தேகம் வந்தும் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவரை, தெரிந்தே செய்தவராகவே அமெரிக்கச் சட்டம் எடுத்துக்கொள்ளும்.

பொதுப் பயன்பாட்டுக் கருவியை எழுதியவர்களின் நிலை இன்னும் சிக்கல். டொர்னேடோ கேஷ் கிரிப்டோ பரிமாற்றத்தின் தடத்தை மறைக்கும் மென்பொருள். அந்தரங்கம் வேண்டியவரும் பயன்படுத்தினார், திருடரும் பயன்படுத்தினார். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான அலெக்சி பெர்ட்சேவுக்கு 2024 மே மாதம் நெதர்லாந்து நீதிமன்றம் 64 மாதச் சிறை விதித்தது. இன்னொருவரான ரோமன் ஸ்டார்ம் மீதான மூன்று குற்றச்சாட்டுகளில் ஒன்றில் மட்டுமே 2025 ஆகஸ்டில் நியூயார்க் நடுவர் குழு ஒத்த முடிவுக்கு வந்து அவரைக் குற்றவாளி என்றது. இதில் நியாயமான இரண்டு பக்கங்கள் இருக்கின்றன. 99 குறியீட்டுக்கு இரண்டாவது பக்கம் கிடையாது.

(திரையில்: ஒரு டிக்கெட். கருத்துப் பெட்டி காலியாக இருக்கிறது.)

நீங்கள் புரோகிராமரா? இப்படி ஒரு வேலை உங்கள் டிக்கெட்டில், அதாவது வேலையைப் பதிவு செய்து ஒப்படைக்கும் பக்கத்தில், வந்தால் காரணத்தை அந்த டிக்கெட்டிலேயே எழுத்தில் கேளுங்கள். "இந்தக் கணக்குக்கு மட்டும் ஏன் விதிவிலக்கு? வாடிக்கையாளருக்கு இது தெரியுமா?" நேர்மையான விதிவிலக்காக இருந்தால் பத்து நிமிடத்தில் பதில் வரும். "வாயால் பேசிக்கொள்ளலாம், எழுத வேண்டாம்" என்று பதில் வந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பயந்துபோய் எதையும் அழிக்காதீர்கள். அழிப்பது தனிக் குற்றம், தடமும் எங்காவது மிஞ்சும். வாடிக்கையாளர் தரவை வீட்டுக்கு நகலெடுத்துக்கொண்டும் போகாதீர்கள். முதலில் உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர். நிறுவனத்தின் வழக்கறிஞர் நிறுவனத்துக்காகவே பேசுவார். அமெரிக்காவில் 2010 சட்டப்படி பங்குச் சந்தை ஆணையத்துக்குத் தகவல் தருபவரை நிறுவனம் பழிவாங்கத் தடை உண்டு. அபராதம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால் அதில் 10 முதல் 30 சதவீதம்வரை அவருக்குக் கிடைக்கலாம். எல்லா நாட்டிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. வேலை போகும் பயமும் பொய்யில்லை. அதனால்தான் குழுத் தலைவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர்கள் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் "இது ஏன்?" என்று கேட்கும் இளையவரை, வேலையைத் தாமதப்படுத்துகிறார் என்று திட்டாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வாங்கித் தருவது உங்கள் வேலை.

கேரி வாங்கும், காப்பு நிதிக் கணக்கைப் பற்றித் தெரிந்திருந்த பொறியாளர் நிஷாத் சிங்கும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சாட்சி சொன்னார்கள். 2024-ல் இருவருக்குமே சிறைத் தண்டனை விதிக்கப்படவில்லை. பேங்க்மன் ஃபிரைடுக்கு 25 ஆண்டுகள். அந்தச் சாட்சியம் வந்தது நிறுவனம் கவிழ்ந்த பிறகு, அதுவரை நம்பிப் பணம் போட்டவர்கள் தங்கள் கணக்கிலிருந்து எதையும் எடுக்க முடியாமல் நின்ற பிறகு.