ஆற அமர எழுதட்டும்

நடுவர் அவர்களே, தில்லித் தமிழ்ச் சங்க அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். சர்வாதிகாரி வீழ்ந்த நாட்டில் புதிய அரசியலமைப்பைச் சூட்டோடு சூடாக எழுதுவதா, ஆற அமர எழுதுவதா என்பது வழக்கு. ஆற அமரத்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

"தாமதித்தால் ராணுவம் புகுந்துவிடும்" என்றார் எதிரணி அம்மையார். எகிப்தில் என்ன நடந்தது? 2011 பிப்ரவரியில் சர்வாதிகாரி முபாரக் போனார். மறுவருடம் அரசியலமைப்பை எழுதும் நிர்ணய சபையிலிருந்து தாராளவாதிகளும் திருச்சபையினரும் வெளியேறினார்கள். மிஞ்சியவர்கள் விடிய விடிய உட்கார்ந்து வரைவை நிறைவேற்றினார்கள். 2013 ஜூலையில் ராணுவம் வந்து அதை முடக்கியது. அவசரப்பட்டும் தடுக்க முடியவில்லையே!

துனிசியாவில் சர்வாதிகாரி வீழ்ந்தபின் அரசியலமைப்பை எழுத மூன்றாண்டு ஆனது. நடுவே 2013இல் எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், சபையே முடங்கியது. தொழிற்சங்கம் முன்னின்று எல்லாக் கட்சிகளையும் பேசவைத்தது. 2014 ஜனவரியில் வாக்களித்த 216 பேரில் 200 பேர் ஆதரித்தார்கள். இஸ்லாமியக் கட்சியும் இடதுசாரிகளும் ஒரே பக்கம் கை தூக்கினார்கள் ஐயா!

"அதுவும் 2021இல் கவிழ்ந்ததே" என்பார்கள். உண்மைதான், மறைக்க மாட்டேன். ஆனால் ஏன்? ஓராண்டுக்குள் அரசியலமைப்பு நீதிமன்றம் அமைக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது. நீதிபதிகள் யார் என்று கட்சிகள் இழுபறி செய்து, கடைசிவரை அமைக்கவே இல்லை. அதிபர் நாடாளுமன்றத்தை முடக்கிய நாளில் 'இது செல்லாது' என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. பொறுமையாக எழுதியது அங்கே குற்றமில்லை. எழுதியதை நடைமுறைக்குக் கொண்டுவராததுதான் குற்றம்.

அதுவரை நாடு எதை வைத்து நடக்கும் என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்கா 1993இல் ஓர் இடைக்கால அரசியலமைப்பு செய்துகொண்டு, அதன்கீழ் தேர்தலும் நடத்தி, 1996இல்தான் முழுமையானதை முடித்தது. அதையும் நீதிமன்றம் ஒருமுறை திருப்பி அனுப்பியது!

நமக்கு இங்கே நடந்ததும் நினைவிருக்கட்டும். பிரிவினையின் ரத்தம் காயாத இதே தில்லியில், காங்கிரசைக் கடுமையாக எதிர்த்துவந்த அம்பேத்கரை வரைவுக்குழுத் தலைவராக உட்காரவைத்து, ஏறக்குறைய மூன்றாண்டு விவாதித்தார்கள்.

சிரியாவில் 2024 டிசம்பரில் அசாத் வீழ்ந்தார். இப்போது ஐந்தாண்டு இடைக்காலம் அறிவித்திருக்கிறார்கள். அதற்குள் குர்துகள், துரூசுகள், அலவிகள் என்று அங்குள்ள சிறுபான்மையினரும் எழுதும் மேசையில் உட்கார வேண்டும். அந்த அவகாசம் அவர்களுக்கு வேண்டும் என்று எங்கள் அணிக்கே தீர்ப்பளியுங்கள், நடுவர் அவர்களே.