ஞானவாதிகளை எண்ணியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சைப்ரஸ் தீவில் சலாமிஸ் என்ற ஊருக்கு ஆயராக இருந்தவர் எபிபானியுஸ். கி.பி. 375-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஒரு பெரிய நூல் எழுதினார். பெயர் ‘பனாரியோன்’. மருந்துப்பெட்டி என்று அர்த்தம். பாம்புக்கடிக்கு மருந்து வைத்திருக்கும் பெட்டி. பாம்பு என்று அவர் சொல்வது திருச்சபைக்கு ஒவ்வாத போதனைகளை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு விஷ ஜந்துவை உவமை சொல்லி, கடைசியில் அதை மிதித்துக் கொன்றுவிட்டு அடுத்ததற்குப் போவார். மொத்தம் 80 பிரிவுகள்.

ஏன் 80? பைபிளில் உன்னதப்பாட்டு என்றொரு பகுதி உண்டு. அதில் ராணிகள் அறுபது பேர், மறுமனையாட்டிகள், அதாவது ராணி அந்தஸ்து இல்லாத துணைவியர், எண்பது பேர் என்று ஒரு வரி வருகிறது. அந்த மறுமனையாட்டிகள்தான் இந்தப் பிரிவுகள் என்பது எபிபானியுஸின் விளக்கம். ஆக, எண்ணிக்கையை வசனம் முடிவு செய்துவிட்டது, ஆட்களைத் தேடிப் பிடிப்பதுதான் மிச்சம். 80-ஐ நிரப்ப அவர் கிறிஸ்துவுக்கு முந்தைய கிரேக்கத் தத்துவப் பள்ளிகளைக்கூடச் சேர்த்துக்கொண்டார். பித்தாகரஸ், பிளேட்டோ, எபிக்யூரஸ் வழி வந்தவர்கள் எல்லாம் பட்டியலில் இருக்கிறார்கள்.

இந்தப் பட்டியலில் பெரிய இடம் பிடிப்பவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஆங்கிலத்தில் நாஸ்டிக் என்கிறார்கள். வானொலியில் கேட்கும்போது நாத்திகர் என்று காதில் விழலாம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. கடவுளைப் பற்றி இவர்கள் அளவுக்கு நுணுக்கிப் பேசியவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. ஞானவாதிகள் என்று வைத்துக்கொள்வோம்.

கி.பி. 2, 3-ஆம் நூற்றாண்டுகளில் எகிப்து, சிரியா, ரோம், இன்றைய பிரான்சின் ரோன் நதிப் பள்ளத்தாக்கு வரை இவர்கள் இருந்தார்கள். இவர்கள் சொன்ன கதையின் எலும்புக்கூடு இதுதான். எல்லாவற்றுக்கும் மேலே, பெயரோ உருவமோ சொல்ல முடியாத ஒரு பரம்பொருள். அதிலிருந்து தெய்வ நிலைகள் வரிசையாக வெளிப்படுகின்றன. அவற்றில் ஒன்று சோஃபியா. அவள் ஒரு தவறு செய்கிறாள். அந்தத் தவறிலிருந்து பிறந்தவன்தான் இந்த உலகத்தைப் படைத்தவன். தனக்கு மேலே இன்னொன்று இருப்பது அவனுக்குத் தெரியாது. மனிதனுக்குள்ளே மட்டும் மேலிருந்து விழுந்த ஒரு பொறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது தன்னை அறிந்தால் விடுதலை.

எலும்புக்கூடு என்று சொன்னேன். அதற்கு மேலே சதை வைக்கும்போது ஆளுக்கொரு உருவம் வந்துவிடுகிறது. அலெக்சாந்திரியாவில் பாசிலிடெஸ் என்ற ஆசிரியர் 365 வானங்கள் உண்டு என்று கற்பித்ததாகச் சொல்கிறார்கள். அதே ஊர்க்காரர் கார்போக்ரட்டெஸின் வழிவந்த மார்செல்லினா என்ற பெண் ரோமுக்குப் போய்ப் போதித்தார். அவருடைய குழுவினர் இயேசுவின் உருவத்தைப் பிளேட்டோ, அரிஸ்டாட்டில் உருவங்களோடு சேர்த்து வைத்து மரியாதை செய்தார்களாம். வேறு சிலர் ஏதேன் தோட்டத்துப் பாம்பைப் போற்றினார்கள். படைத்தவன் அறிவை மறைத்தான், பாம்பு அதைத் திறந்து காட்டியது, அப்படியானால் யார் நல்லவர் என்பது அவர்கள் கேள்வி. சொல்லுங்கள், கேள்வியில் நியாயம் இல்லாமலா இருக்கிறது!

இவற்றையெல்லாம் பல நூற்றாண்டுகள் நாம் யார் வாயால் கேட்டோம்? எதிரிகளின் வாயால். லியோன் நகரத்து ஆயர் இரனேயுஸ் 180 வாக்கில் ஐந்து புத்தகங்களாக ஒரு மறுப்பு நூல் எழுதினார். எபிபானியுஸ் அதிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துக்கொண்டவர். ஆனால் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. இரனேயுஸ் எதிராளியின் புத்தகத்தைப் படிக்கிறார், அவர்களோடு பேசியும் இருக்கிறார், கேலியும் செய்யத் தெரியும். அவர்களுடைய தெய்வ வரிசையில் ‘ஆதி’, ‘ஏகம்’, ‘ஒருமை’ என்று பெயர்கள் வந்துகொண்டே இருப்பதைப் பார்த்துச் சலித்துப்போய், நானும் ஒன்று சொல்கிறேன் என்று கிளம்புகிறார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சுரைக்காய் இருந்தது. அதோடு சேர்ந்து ஒரு வெறுமை இருந்தது. இரண்டும் சேர்ந்து ஒரு வெள்ளரிக்காயையும் ஒரு முலாம்பழத்தையும் தோற்றுவித்தன. இப்படிப் போகிறது. இறையியல் நூலில் சிரிப்பு வருவது அபூர்வம், வரும்போது அனுபவிக்கத்தான் வேண்டும்.

எபிபானியுஸ் கதை வேறு. இளைஞராக எகிப்தில் இருந்தபோது அத்தகைய ஒரு குழுவின் பெண்கள் தம்மை வசப்படுத்தப் பார்த்ததாக அவரே எழுதுகிறார். அவர்களுடைய புத்தகங்களைப் படித்தார், தப்பினார், பிறகு உள்ளூர் ஆயர்களிடம் போய்ப் பெயர்களைக் கொடுத்தார். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள் சுமார் எண்பது பேராம். மறுபடியும் எண்பது! அந்தக் குழுவின் இரவுக் கூட்டங்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதை வானொலியில் சொல்ல முடியாது. எவ்வளவு நம்புவது என்பதும் கேள்விதான். ஆனால் போகிற போக்கில் ஒன்று சொல்கிறார்: இவர்களுக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பெயர். ஓரிடத்தில் பார்பெலோக்காரர்கள், ஓரிடத்தில் பிபியோனியர், இன்னோர் இடத்தில் சேற்றுக்காரர்கள் என்று ஒரு வசவுப் பெயர். அவரே இப்படிச் சொல்லும்போது, 80 என்று எண்ணிய பிரிவுகளில் எத்தனை உண்மையிலேயே தனித்தனிப் பிரிவுகள் என்ற சந்தேகம் எழுகிறதல்லவா?

என் சந்தேகமும் அதுதான். பிரிவு என்றதும் நமக்குத் தனிக் கோவில், தனிக் கொடி, உறுப்பினர் பதிவேடு என்று தோன்றுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அதெல்லாம் இருந்ததாகத் தெரியவில்லை. ஓர் ஆசிரியர், அவரைச் சுற்றிச் சிலர், கையில் சில ஏடுகள். அவ்வளவுதான்.

வாலன்டைனஸை எடுத்துக்கொள்ளுங்கள். காதலர் தினத்து வாலன்டைன் இல்லை, இவர் வேறு. எகிப்தில் பிறந்து, அலெக்சாந்திரியாவில் படித்து, 140-ஐ ஒட்டி ரோமில் கற்பித்துக்கொண்டிருந்தவர். இவர் ஆயர் பதவியை எதிர்பார்த்தார் என்று பின்னால் வந்த கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார். தெர்த்துல்லியன் இவருக்கு நண்பர் இல்லை, இருந்தும் புத்திசாலி, பேச்சாளர் என்று ஒப்புக்கொள்கிறார். ஆயராக வரக்கூடியவர் என்று ஒருவரை நினைக்க முடிந்தது என்றால், அவர் திருச்சபைக்கு வெளியே நின்றவராக இருக்க முடியாது.

இவருடைய வழிவந்தவர்கள் மனிதர்களை மூன்று வகையாகப் பார்த்தார்கள். ஆவிக்குரியவர்கள், ஆன்மாவுக்குரியவர்கள், மண்ணுக்குரியவர்கள். நடுவில் வருபவர்கள் சாதாரணத் திருச்சபை மக்கள். அவர்களுக்கும் நம்பிக்கையாலும் நற்செயலாலும் ஒரு மீட்பு உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பவரைப் பற்றி இப்படி நினைப்பது மேட்டிமைதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். இரனேயுஸின் எரிச்சலே அதில்தான். நம்மைப் போலவே பேசுகிறார்கள், நினைப்பது மட்டும் வேறு என்கிறார். அவர்கள் திருப்பிக் கேட்டதையும் பதிவு செய்திருக்கிறார்: நீங்கள் சொல்வதையே நாங்களும் சொல்லும்போது எங்களை ஏன் ஒதுக்குகிறீர்கள், ஏன் பதிதர்கள், அதாவது நெறி தவறியவர்கள், என்கிறீர்கள்?

அவர்களில் தாலமி என்ற ஆசிரியர் ஃப்ளோரா என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதம் நம் கைக்குக் கிடைத்திருக்கிறது. காப்பாற்றிக் கொடுத்தவர் யார் தெரியுமா? எபிபானியுஸ்தான். மறுப்பதற்காக முழுவதையும் எடுத்தெழுதி வைத்தார். “என் அன்புச் சகோதரி ஃப்ளோரா” என்று கடிதம் தொடங்குகிறது. மோசேயின் சட்டத்தைக் கொடுத்தவர் யார் என்பது விஷயம். சிலர் பரம தந்தையே கொடுத்தார் என்கிறார்கள், சிலர் சாத்தான் கொடுத்தான் என்கிறார்கள், இரண்டும் தவறு என்கிறார் தாலமி. சட்டத்தில் ஒரு பகுதி கடவுளுடையது, ஒரு பகுதி மோசே தாமாகச் சேர்த்தது, ஒரு பகுதி மூப்பர்களுடையது. ஆதாரம் இயேசுவின் வார்த்தைகளே. கடவுளுடைய பகுதியிலும் பத்துக் கட்டளைகள் தூய்மையானவை. கண்ணுக்குக் கண் என்பதில் அநியாயம் கலந்திருக்கிறது. பலியும் ஓய்வுநாளும் உள்ளர்த்தம் கொண்ட அடையாளங்கள். அப்படியானால் இந்தச் சட்டத்தைக் கொடுத்தவர் யார்? பரம்பொருளும் இல்லை, சாத்தானும் இல்லை. நடுவில் நிற்கும் ஒருவர். உலகைப் படைத்தவர். நியாயவான், ஆனால் முழுமையானவர் அல்ல. மீதியைப் பிறகு சொல்லித்தருகிறேன் என்று முடிக்கிறார்.

நிதானமான, மரியாதையான கடிதம். மந்திரமும் இல்லை, இரவுக் கூட்டமும் இல்லை. எல்லா ஞானவாதிகளும் படைத்தவனைக் கொடியவன் என்றார்கள் என்ற பொது எண்ணத்துக்கு இந்த ஒரு கடிதமே போதுமான பதில்.

கொடியவன் என்று சொன்னவர்களும் உண்டு. ஆதாமின் மகன் சேத்தின் வாரிசுகள் என்று தங்களைக் கருதியவர்களின் நூல்களில் படைத்தவனுக்கு யால்டபாவோத் என்று பெயர். சிங்க முகமும் பாம்பு உடலும் கொண்டவன். நானே கடவுள், வேறொருவரும் இல்லை என்று பீற்றிக்கொள்கிறான். இந்த வட்டாரத்து நூல்களைப் படித்தவர்கள் 3-ஆம் நூற்றாண்டில் ரோமில் தத்துவஞானி புளோட்டினஸின் வகுப்பிலேயே இருந்தார்கள். அவர் இவர்களுக்கு எதிராகத் தனிக் கட்டுரையே எழுதினார். படைப்பு இவ்வளவு அழகாக இருக்கும்போது படைத்தவனைத் திட்டுகிறார்களே என்று அவருக்கு ஆத்திரம். ஆனால் அதே கட்டுரையில், இவர்களில் சிலர் நம் நண்பர்கள் என்று சொல்லிக் கொஞ்சம் தயங்கவும் செய்கிறார்.

சரி, எதிரிகள் சொன்னது போதும். 1945-இல் மேல் எகிப்தில் நாக் ஹம்மாடி என்ற ஊருக்கு அருகே விவசாயிகள் ஒரு மண்ஜாடியைக் கண்டெடுத்தார்கள். வயலுக்கு உரமண் தோண்டப் போனபோது கிடைத்ததாகச் சொல்கிறார்கள். கண்டெடுத்த கதைக்குப் பல வடிவங்கள் உண்டு, அதில் நாம் இறங்க வேண்டாம். உள்ளே தோல் அட்டை போட்ட பாப்பிரஸ் புத்தகங்கள். பதின்மூன்றாவதன் சில தாள்கள் இன்னொரு புத்தகத்துக்குள் செருகப்பட்டிருந்தன, ஆகவே 13 என்று கணக்கு. ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்கள், எல்லாம் எகிப்தியக் கிறிஸ்தவர்களின் மொழியான காப்டிக்கில். அட்டை விறைப்பாக இருக்க உள்ளே திணித்திருந்த பழைய தாள்களில் 340-களின் தேதிகள் இருந்ததால் காலம் பிடிபட்டது. இன்று அவை கெய்ரோவின் காப்டிக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆய்வாளர்கள் இரனேயுஸின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இது வாலன்டைனஸ் பிரிவு, இது சேத் பிரிவு என்று ஒட்டுப் போடலாம் என்று பார்த்தால், ஒரே அட்டைக்குள் இரண்டும் இருக்கிறது. இரண்டாவது புத்தகத்தை மட்டும் பாருங்கள். முதலில் யால்டபாவோத் கதை சொல்லும் யோவானின் இரகசிய நூல். அடுத்து 114 வாக்குகள் கொண்ட தோமா நற்செய்தி, அதில் சோஃபியாவும் இல்லை, யால்டபாவோத்தும் இல்லை. அதற்கடுத்து பிலிப்பு நற்செய்தி, அது வாலன்டைனஸ் வழியினருடையது. வேறு புத்தகங்களில் பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலிலிருந்து ஒரு பகுதி, மிக மோசமான மொழிபெயர்ப்பில். எகிப்திய ஹெர்மெஸ் மரபின் ஜெபம். ஞானவாதத்தோடு தொடர்பே இல்லாத நல்லுரைத் தொகுப்பு ஒன்று. ஒன்பதாவது புத்தகத்திலோ ஒரு நூல் வாலன்டைனஸின் சீடர்களையும் பாசிலிடெஸையும் கடுமையாகத் தாக்குகிறது. இவர்களுக்குள்ளும் ஓர் எபிபானியுஸ் இருந்திருக்கிறார்!

இதையெல்லாம் யார் சேர்த்து வைத்தார்கள் என்பதில் இன்றுவரை வாக்குவாதம் நடக்கிறது. பக்கத்திலிருந்த கிறிஸ்தவ மடத்துத் துறவிகள் என்கிறார்கள் சிலர். யாராக இருந்தாலும், இது இந்தக் கட்சி, இது அந்தக் கட்சி என்று பார்த்து வாங்கியவர்கள் இல்லை. கிடைத்ததை ஆர்வமாகப் படித்தவர்கள்.

ஞானவாதிகள் பின்னாளில் சில இடங்களில் தனிச் சபைகளாகவும் ஆனார்கள். ஒதுக்கி ஒதுக்கியே பிரிவாக்கிவிட்டார்கள் என்றுகூடச் சொல்வேன். யூப்ரடீஸ் கரையில் கல்லினிக்கம் என்று ஒரு ஊர், இன்றைய சிரியாவின் ரக்கா. அங்கே 388-இல் வாலன்டைனஸ் வழியினருக்குச் சொந்தமாக ஒரு வழிபாட்டிடம் இருந்தது. துறவிகள் அதை எரித்தார்கள். யூதர்களின் தொழுகைக்கூடமும் அதே சமயம் எரிந்தது. பேரரசர் தியோடோசியுஸ் தண்டனை விதிக்கப் பார்த்தார். மிலான் ஆயர் அம்புரோஸ் குறுக்கே நின்றார், பேரரசர் பின்வாங்கினார்.

மீதமிருந்தவர்கள் யாரும் உண்டா என்றால், உண்டு. தெற்கு ஈராக்கிலும் ஈரானின் கூஸெஸ்தானிலும் மாண்டேயர்கள் இன்னும் வாழ்கிறார்கள். அராமேய மொழியின் ஒரு வடிவத்தில் வேதம் ஓதுகிறார்கள், திருமுழுக்கு யோவானை மதிக்கிறார்கள், இயேசுவை ஏற்பதில்லை. ஒளி உலகத்திலிருந்து வந்த ஆன்மா அங்கே திரும்பிப் போவதுதான் இவர்கள் மதத்தின் மையம். ஆனால் உடலை வெறுப்பவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். துறவறம் இவர்களுக்குப் பாவம், கல்யாணமும் குழந்தைகளும் கடமை. திருமுழுக்கு ஒருமுறையோடு முடிவதில்லை, வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்வது, அதுவும் ஓடும் நீரில். 2003 போருக்குப் பிறகு பெரும்பாலோர் ஈராக்கை விட்டு வெளியேறி ஆஸ்திரேலியா, சுவீடன் என்று குடியேறினார்கள். சிட்னிப் பக்கம் நெப்பியன் ஆற்றில் இறங்கிவிடலாம். சுவீடனின் குளிரில் அது நடக்குமா? கட்டடத்துக்குள்ளே தொட்டி கட்டி, நீர் வந்து வெளியேறிக்கொண்டே இருக்கும்படி செய்கிறார்கள். அது ஓடும் நீர்தானா என்று அவர்களுக்குள் இப்போது ஒரு விவாதம் உண்டு.

வணக்கம்.