கேட்காத கேள்விக்கு விடை உண்டா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். சேலத்தில் இயற்பியல் கற்பிக்கும் என்னிடம் மாணவர்கள் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு: "மெய்ம்மை என்று எதுவும் இல்லை என்பதைக் குவாண்டம் இயற்பியல் நிரூபித்துவிட்டதாமே?" ஆலன் ஆஸ்பே, ஜான் கிளாசர், ஆன்டன் சைலிங்கர் ஆகிய மூவரும் 2022ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பின் இந்தப் பேச்சு கூடியிருக்கிறது. அவர்களுடைய சோதனைகள் எதை நிரூபித்தன என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் செய்த ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசில் ஒன்றைச் சேலத்தில் வைத்துக்கொண்டு, மற்றதை ஏற்காட்டுக்கு அனுப்புகிறோம். இங்கே பெட்டியைத் திறந்ததுமே அங்கே இருப்பதன் வேலைப்பாடும் தெரிந்துவிடும். இதில் வியப்பேதும் இல்லை. வேலைப்பாடு பட்டறையிலேயே முடிவானது. பின்னிப் பிணைந்த துகள்களும், அதாவது எவ்வளவு தள்ளிப் போனாலும் அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருக்கும் துகள்களும், தம் பண்புகளை முன்பே சுமந்து செல்கின்றன, அவற்றைச் சொல்லாத குவாண்டம் கோட்பாடு முழுமையற்றது என்பதுதான் 1935இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் வைத்த வாதத்தின் சாரம். குவாண்டம் கோட்பாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான நீல்ஸ் போர் அதே ஆண்டில் மறுப்பு எழுதினார். வெறும் தத்துவச் சச்சரவாகத் தோன்றிய இதனைச் சோதித்துப் பார்க்க முடியும் என்று 1964இல் காட்டியவர் ஜான் பெல்.

அவர் வழியில் அமைந்த எளிய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். நேயர்கள் காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். பிணைந்த இரண்டு ஒளித்துகள்களில் ஒன்று சேலத்துக்கும் மற்றொன்று ஏற்காட்டுக்கும் செல்வதாகக் கொள்வோம். இரண்டு ஊர்களிலும் ஒரு போலராய்டு தகட்டை 0, 60, 120 பாகை ஆகிய மூன்று கோணங்களில் ஏதேனும் ஒன்றில் வைக்கலாம். துகள் தகட்டைக் கடக்கும், அல்லது தடைபடும். இரு ஊரிலும் ஒரே கோணம் அமைந்தால் விடை எப்போதும் ஒன்றாகவே வருகிறது. இதுவரை கொலுசு விளக்கமே போதும். அந்த விளக்கம் சரியென்றால், ஒவ்வொரு துகளும் மூன்று கோணங்களுக்கும் உரிய விடைகளைப் புறப்படும்போதே கொண்டிருக்க வேண்டும். விடைகள் இரண்டே வகை, கோணங்களோ மூன்று. ஆகவே குறைந்தது இரண்டு கோணங்களுக்கு ஒரே விடை இருந்தே தீரும். கடக்கும், கடக்கும், தடைபடும் என்று எழுதினால், மூன்று கோண இணைகளில் ஒன்று ஒத்துப்போகிறது. சாத்தியமான எட்டுத் தொகுப்புகளில் எதை எடுத்தாலும் இந்தப் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்காது. ஆனால், கோணங்கள் வேறுபடும்போது நான்கில் ஒரு முறைதான் விடைகள் ஒத்துப்போகும் என்கிறது குவாண்டம் கணக்கு.

இயற்கை குவாண்டம் கணக்கின் பக்கமே நின்றது. 1972இல் கிளாசரும் ஃப்ரீட்மனும், 1982இல் ஆஸ்பே குழுவினரும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சமனின்மைகளை, அதாவது கொலுசு விளக்கம் மீற முடியாத எல்லைகளை, சோதித்தார்கள். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1.3 கி.மீ. இடைவெளியில் நடந்த சோதனையில், கொலுசு விளக்கத்தின்படி 2-ஐத் தாண்டக் கூடாத அளவு 2.42 என வந்தது. இந்த இடைவெளி ஏன் முக்கியம்? சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 15 கி.மீ.; அதைக் கடக்க ஒளிக்கே 50 மைக்ரோ நொடி ஆகும். அதற்குள் இரு ஊரிலும் கோணத்தைத் தேர்ந்து விடையையும் பதிந்துவிட்டால், ஒளியின் வேகத்தை மிஞ்சாத எந்தச் சைகையும் ஓரிடத்துச் செய்தியை மற்றோர் இடத்தில் சேர்த்திருக்க முடியாது.

அப்படியானால் எதைக் கைவிடுவது? இயற்பியலாளர் டேவிட் போம் 1952இல் அமைத்த கோட்பாட்டில் துகளுக்கு எப்போதும் திட்டமான இருப்பிடம் உண்டு; அங்கே கைவிடப்படுவது இடச்சார்பு, அதாவது ஓரிடத்துச் செயல் தொலைவிலுள்ளதை உடனே பாதிக்காது என்னும் கொள்கை. நீல்ஸ் போரின் வழிவந்தோர், கேட்காத கேள்விக்கு விடையே இல்லை என்பார்கள். இயற்பியலாளர் ஹியூ எவரெட் 1957இல் முன்வைத்த கருத்தின்படி, ஒரு சோதனைக்கு ஒரே முடிவு என்பதே தவறு; சாத்தியமான எல்லா முடிவுகளும் நிகழ்கின்றன. கோணத் தேர்வும் துகளும் முன்பே ஒத்திசைக்கப்பட்டிருக்கலாம் என்போரும் சிலர் உண்டு. 2018இல் வெளியான ஒரு சோதனையில் குவாசர்கள் எனப்படும் மிகத் தொலைவிலுள்ள பிரகாசமான விண்மீன்திரள் மையங்களின் ஒளியைக் கொண்டு கோணங்கள் தேர்வு செய்யப்பட்டன. அத்தகைய ஒத்திசைவு இருந்தால், அது 700 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே ஏற்பட்டிருக்க வேண்டும்.

ஒளியை மிஞ்சிய வேகத்தில் தகவல் அனுப்பலாம் என்று இதிலிருந்து யாரும் முடிவு செய்ய வேண்டாம். சேலத்தில் எந்தக் கோணத்தை வைத்தாலும், ஏற்காட்டுப் பட்டியலை மட்டும் தனியே பார்த்தால் விடைகள் பாதிக்குப் பாதி ஒழுங்கின்றியே இருக்கும்.

இடச்சார்பு, மெய்ம்மை (அதாவது விடைகள் முன்பே அமைந்துள்ளன என்பது) இரண்டில் ஒன்றை விட்டால் போதும் என்று சமமாகப் பங்கிட்டுச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. ஐன்ஸ்டைன் முதலானோர் முன்பே அமைந்த விடைகளைத் தொடக்க ஊகமாக வைக்கவில்லை. ஒரே கோணத்தில் விடைகள் தவறாமல் ஒத்துப்போகின்றன, சேலத்தில் செய்வது ஏற்காட்டைத் தொடுவதும் இல்லை என்றால், ஏற்காட்டு விடை முன்பே முடிவாகியிருக்க வேண்டும் என்று அவர்கள் தருவித்தார்கள். பெல்லும் இதைப் பிற்காலத்தில் வலியுறுத்தினார். ஆகவே, மெய்ம்மையை மட்டும் கைவிட்டு இடச்சார்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று கூறுவோர், அந்த ஒரே கோண ஒற்றுமை எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள். எனக்கு நிறைவு தரும் விடையை அவர்களிடமிருந்து நான் இன்னும் பெறவில்லை. வணக்கம்.