நின்றால் ஊறாது, ஓடினால் ஊறும்

நேயர்களுக்கு வணக்கம்.

கெடிலமும் உப்பனாறும் சேர்ந்து கடலில் விழுகிற இடத்துக்குப் பக்கத்தில், கடலூர் முதுநகரில், நான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், விசைப்படகின் இரும்புச் சாமான்கள் என்று எது வந்தாலும் பார்ப்பேன். வானொலியில் படகு ஓட்டையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும், "அந்த அலுமினியப் படகையா? அதை வீட்டுல கேட்டதே போதும்"னு என் மனைவி சொன்னாள். அதே படகுதான். நீங்கள் இன்னும் கேட்கவில்லையே.

படகு என் தங்கை வீட்டுக்காரருடையது. வெளியூரில் ஏலத்தில் எடுத்தார். 14 அடி, ரிவெட் அடித்த படகு, அதாவது தகடுகளைத் துளைத்து ஆணி மாதிரி ஒன்றைச் செருகி, அதன் வாலைத் தட்டி இறுக்கிச் சேர்த்தது. அடித்தகடு ஒன்றரை மில்லிதான் இருக்கும். உப்பனாற்றில் நண்டு வலை போட அவருக்கு அது தோது. ரெண்டு பேர் சேர்ந்து தூக்கிக் கரையேற்றிவிடலாம், சின்ன இன்ஜினே போதும். ஒரே குறை, உள்ளே தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் காலையில் பட்டறைக்கு வந்து நின்றார்.

"மச்சான், வலை இழுக்கறதை விட தண்ணி எறைக்கறதுதான் எனக்கு வேலையா இருக்கு."

"விடுங்க மாப்ள, ஒரு நாள்ல பாத்துடலாம்" என்றேன். பதினொரு நாள் ஆயிற்று.

நம் கரையில் அலுமினியப் படகு அபூர்வம். மரப்படகை எல்லோருக்கும் தெரியும். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சுத் திரியை உளி வைத்து ஏற்றி, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். கலப்பத்து என்று அதற்குப் பெயர். அதில் சின்னக் கசிவு இருந்தாலும் ரெண்டு நாள் தண்ணீரில் கிடந்தால் மரம் ஊதித் தானே அடைத்துக்கொள்ளும். 2004 சுனாமிக்குப் பிறகு எங்கு பார்த்தாலும் ஃபைபர் படகு. அதில் ஓட்டை விழுந்தால் தேய்த்துவிட்டு கண்ணாடி நார் மேட் வைத்து ரெசின் ஊற்றிவிடலாம், தெருவுக்கு ஒருவர் அந்த வேலை செய்கிறார். அலுமினியம் ஊதவும் ஊதாது, ரெசினை நம்பிப் பிடிக்கவும் பிடிக்காது. ஒரு ரிவெட் தளர்ந்தால் தளர்ந்ததுதான், நாளாக ஆக இன்னும் தளரும்.

முதல் நாள் முழுக்கச் சுரண்டலிலேயே போனது. இதற்கு முன்னால் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவரும் சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் எதையாவது அப்பியிருந்தார்கள். தார், எபாக்சி பட்டி, அதன் மேல் சிலிகான். இதில் சிலிகான்தான் கொடுமை. அதை உரித்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுவழுப்பு மிச்சம் இருக்கும், அப்புறம் அந்த இடத்தில் பெயின்டும் ஒட்டாது, வேறு எந்தப் பசையும் ஒட்டாது. ஓட்டை எங்கே என்று தெரிவதற்கு முன்னால் குழாய்ப் பசையைத் திறக்காதீர்கள். பூசிய ஒவ்வொரு இடமும் அடுத்துப் பார்க்கிறவன் கண்ணைக் கட்டுகிறது.

சுரண்டிக்கொண்டே மாப்பிள்ளையிடம் விசாரித்தேன். தண்ணீர் எப்போது வருகிறது? மூன்று மணி நேரம் ஓடிவிட்டு வந்தால் அரை வாளி, ஏழு லிட்டர் போல இருக்கும் என்றார். ராத்திரி கட்டிப் போட்டால்? காலையில் ஒரு லிட்டர். மழைத் தண்ணீரோ என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. நன்றாகத் துப்பிவிட்டு வந்தேன், அந்த ஆற்றுத் தண்ணீரைச் சுவைத்துப் பார்ப்பதை யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்தது எல்லோரும் செய்கிற சோதனை. படகைக் கரையில் வைத்து உள்ளே தண்ணீர் விட்டு, வெளியே எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பது. நல்ல வழிதான், ஆனால் ஒரு எச்சரிக்கை. 4 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்றால் பெருக்கிப் பாருங்கள், 480 லிட்டர். அணியம், அதாவது படகின் முன்பக்கம், குறுகிப் போவதைக் கழித்தாலும் ஆறு ஆள் எடைக்குக் குறையாது. ஆற்றில் மிதக்கும்போது அடி முழுவதையும் கீழேயிருந்து தண்ணீர் தாங்குகிறது. கரையில் ரெண்டு கட்டை மேல் வைத்தால் எடை மொத்தமும் அந்த ரெண்டு இடத்தில்தான் இறங்கும், இல்லாத ஓட்டையை நாமே உண்டாக்கிவிடுவோம். அதனால் பழைய லாரி டயர்களை நெருக்கமாக அடுக்கி, படகின் அடியில் நடுவே நீளமாக ஓடுகிற ஏராவுக்குக் கீழே மணல் மூட்டை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டோம். வெளிப்பக்கம் எலும்பு மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எது சொட்டு, எது வியர்வை என்று பிரிக்க முடியாது.

மூன்று ரிவெட் சிக்கியது. ஒவ்வொன்றிலும் அஞ்சு விநாடிக்கு ஒரு சொட்டு. அந்தப் பக்கம் பட்டறைப் பையன் பெரிய சம்மட்டியை ரிவெட் தலைமேல் அழுத்திப் பிடிக்க, இந்தப் பக்கம் நான் வாலைத் தட்டி இறுக்கினேன். சொட்டு நின்றது. மாப்பிள்ளைக்குச் சந்தோஷம், அன்றைக்கே ஆற்றில் இறக்கினார். மறுநாள் காலையில் போன்.

"மச்சான், ராத்திரி கட்டிப் போட்டதுல ஒரு சொட்டு இல்ல. ஓட்டிட்டு வந்தேன், அதே அரை வாளி."

இதை நான் முன்னாலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டும். இருபது சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லி. மூன்று ரிவெட்டும் சேர்ந்து விநாடிக்கு ஒரு சொட்டுகூட இல்லை, மணிக்கு நூறு மில்லிதான் தேறும். ராத்திரியில் ஊறின ஒரு லிட்டருக்கு அது பொருந்துகிறது. மூன்று மணி நேரத்தில் ஏழு லிட்டருக்கு எப்படிப் பொருந்தும்? ஆக இரண்டு தனித்தனிக் கசிவு. நின்றால் ஊறுவதை நிறுத்திவிட்டோம். ஓடினால் மட்டும் ஊறுகிற ஒன்று இன்னும் ஒளிந்திருக்கிறது.

மறுபடியும் கரைக்கு வந்தது படகு. வெல்டிங் இணைப்பைச் சோதிக்க எங்கள் தொழிலில் ஒரு பழைய முறை உண்டு. ஒரு பக்கம் வெள்ளையாகப் பூசிக் காயவிட்டு, மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவது. தண்ணீர் நுழையாத மயிரிழையிலும் எண்ணெய் நுழைந்துவிடும், வெள்ளையில் கறுப்புப் புள்ளி விழும். "அடியில வெள்ளையா எதையாவது பூசுடா தம்பி" என்று பையனிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அவன் சுவருக்கு அடித்து மிஞ்சின சுண்ணாம்பைப் பூசிக்கொண்டிருந்தான். பூசின இடத்தில் பொடிப்பொடியாக நுரை கிளம்புகிறது. "அண்ணே, கொதிக்குது பாருங்க" என்கிறான், ஏதோ வேடிக்கை காட்டுவது போல. ஈரச் சுண்ணாம்பு அலுமினியத்தைத் தின்னும். வாளி வாளியாக ஊற்றிக் கழுவினோம். தப்பு என்னுடையது, எதையாவது என்று சொல்லியிருக்கக் கூடாது. பிறகு பள்ளிக்கூடச் சாக்பீஸை இடித்துத் தண்ணீரில் குழைத்துப் பூசினோம். மண்ணெண்ணெய் கிடைப்பது இப்போது குதிரைக் கொம்பு, டீசலை வைத்துக்கொண்டோம்.

உள்ளே டீசல் தடவ வேண்டுமானால் தகடு வெளியே தெரிய வேண்டும். நடுப் பலகைக்குக் கீழே ஒரு பெட்டி, அதற்குள் மிதவைக்காக நுரைப்பஞ்சை அடைத்திருந்தார்கள். அதை வெட்டி எடுத்தேன். சும்மா இருந்தால் பூ மாதிரி இருக்க வேண்டிய பஞ்சு, கல் மாதிரி கனத்தது, அவ்வளவு தண்ணீர் குடித்திருந்தது. அதன் அடியில் தகடு முழுக்க வெள்ளைப் பொடி. காற்றுப் படாமல் உப்புத் தண்ணீரோடு ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் இப்படித்தான் அரிக்கும். ஒரு மூலையில் பொடி நடுவே பச்சையாக ஏதோ தெரிந்தது. ஸ்குரூ டிரைவரால் கிளப்பினேன். விளக்குக்கு ஒயர் இழுத்தபோது யாரோ வெட்டிப் போட்ட செம்புக் கம்பி, நகத்தளவு துண்டு. அது கிடந்த இடத்தில் குழி. குழியில் ஆணி முனையை லேசாக வைத்தேன், கீழே வெளிச்சம் தெரிந்தது.

செம்பு, அலுமினியம், நடுவில் உப்புத் தண்ணீர். இது ஒரு பேட்டரி. அந்தச் சண்டையில் கரைவது எப்போதும் அலுமினியம்தான், செம்பு நோகாமல் உட்கார்ந்திருக்கும். அலுமினியப் படகு வைத்திருப்பவர்கள் செம்பையும் பித்தளையையும் உள்ளே சிந்தவிடாதீர்கள். செம்பு கலந்த அடிப் பெயின்டும் இதற்கு ஆகாது. மரப்படகுக்கு அடித்து மிஞ்சியதுதானே என்று இதற்கும் அடித்துவிடுவார்கள்.

ஆனால் மாப்பிள்ளையின் அரை வாளி இந்தக் குழியால் வந்ததல்ல. நான் குத்துகிற வரைக்கும் அந்த வெள்ளைப் பொடியே அதை அடைத்துக்கொண்டிருந்தது. சரி என்று டீசலைத் தடவிவிட்டு, சாக்குப் பையை விரித்துப் படகுக்கு அடியில் டார்ச்சோடு படுத்தேன். அரை மணி நேரம் ஆயிற்று. குழி இருந்த இடம் தவிர எங்கும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. எரிச்சலில் எழுந்து வெளியே வருகிறேன், மாப்பிள்ளை தீப்பெட்டி தேடி, இருந்த அலுப்பில் படகுக்குள் ஏறி நடுப் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார். டீசல் தடவின படகில் தீப்பெட்டியா என்று கத்த வாயைத் திறந்தவன் நிறுத்திவிட்டேன். பலகை ஆடியது. பலகையோடு சேர்ந்து அடித்தகடும் ஆடியது.

தீப்பெட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "மாப்ள, அப்படியே எழுந்து எழுந்து உக்காருங்க" என்று சொல்லி மறுபடியும் அடியில் போய்ப் படுத்தேன். நாலாவது தடவை உட்கார்ந்தபோது வெள்ளையில் ஒரு கறுப்பு இழை வந்தது. ஒரு ரிவெட் துளையிலிருந்து கிளம்பி மூன்று சென்டிமீட்டர், தலைமயிர் கனம். எழுந்தால் மூடிக்கொள்கிறது, உட்கார்ந்தால் திறக்கிறது.

நடுப் பலகை என்பது உட்காருவதற்கு மட்டும் இல்லை. ரெண்டு பக்கச் சுவரையும் அடியையும் இழுத்துப் பிடித்திருப்பது அதுதான். அதன் முனையில் ரிவெட் தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு அலைக்கும் அடித்தகடு மேலும் கீழும் போய்வரும். கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே வேலை. துளையோரத்தில் விரிசல் விடும். ஓட்டத்தில் அணியம் தூக்கிக்கொள்வதால் அங்கே நுழைகிற தண்ணீர் பின்னால் ஓடி இன்ஜின் பக்கம்தான் தேங்கும். முன்பு அப்பினவர்கள் எல்லோரும் பின்பக்கத்திலேயே அப்பியதற்குக் காரணம் இதுதான். தண்ணீர் தேங்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது, நுழையும் இடம் தெரியவில்லை.

"வெல்டு வச்சுடு மச்சான், உன் தொழில்தானே" என்றார். என் தொழில் என்பதால்தான் வைக்கவில்லை. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். தோலைக் கழற்றாமல் சூடு கொடுத்தால் உள்ளே சதை ஒழுகிப்போகும். புதுத் தகடாக இருந்தால் ஆர்கான் வாயு வெல்டிங்கில் அழகாகப் பிடிக்கலாம். உப்பு ஏறின, அரிப்புக் கண்ட, ஒன்றரை மில்லித் தகட்டில் மூன்று சென்டிமீட்டர் விரிசலை மூடப் போய் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து ரிவெட்டுகளும் சூட்டில் தளரும்.

விரிசலின் நுனியில் மூன்று மில்லித் துளை போட்டேன், அது மேலே ஓடாமல் நிற்கும். டீசலைச் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவி, தகட்டைப் பளிச்சென்று தேய்த்து, பாலியூரித்தேன் சீலன்ட் தடவி, உள்ளே அலுமினியத் துண்டுத் தகடு வைத்து, நெருக்கமாக அலுமினிய ரிவெட் அடித்தேன். செம்புக் குழிக்கும் அதே மருந்து. கடையில் சல்லிசாகக் கிடைக்கும் பாப் ரிவெட் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கூடாது, அதன் நடுத் துளை வழியாகவே ஊறும். அடி மூடின ரிவெட் என்று கேட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் நடுப் பலகையின் முனைகளைப் புது ரிவெட் போட்டு இறுக்கினேன். அதைச் செய்யாமல் ஒட்டுப் போட்டிருந்தால் ஒட்டுக்குப் பக்கத்தில் அடுத்த விரிசல் வந்திருக்கும்.

சீலன்ட் காய ஒரு வாரம் விடச் சொன்னேன். அஞ்சாவது நாளே மாப்பிள்ளை படகை இறக்கிவிட்டார். நண்டு காத்திருக்காதாம்.

ஊறுகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். வலை எடுத்தால் உள்ளே எப்படியும் ஈரமாகும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தங்கைதான் ஒரு யோசனை சொன்னாள். உள்ளே நன்றாகத் துடைத்துவிட்டு, ஒட்டுப் போட்ட இடத்திலும் ரிவெட் வரிசை நெடுகவும் அரிசிமாவைத் தூவினாள், கோலம் போடுகிற கை, இழை பிசகவில்லை. வலை இல்லாமல் நாங்கள் ரெண்டு பேரும் ஏறி முகத்துவாரம் வரைக்கும் ஓட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்தோம். மாவு தூவினது தூவினபடி கிடந்தது. பின்பக்கம் என் செருப்புத் தடம் மட்டும் ஈரமாக இருந்தது.

தங்கை எட்டிப் பார்த்தாள். "சரி, கழுவி விடுங்க அண்ணா, எறும்பு வந்துடும்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நன்றி, வணக்கம்.